கூண்டுக்குக் கீழே செருப்பு

மாலை ஐந்தரைக்கு அரங்கின் பக்கக் கதவைத் திறந்தார்கள். அக்கா அதற்கு முன்பே வந்து படியில் நின்றிருந்தாள். பக்கத்தில் கணவர், தோள்பையை மார்போடு அணைத்துக்கொண்டு. பைக்குள் என்ன என்று அவள் கேட்கவில்லை. ஊசி, நூல், கத்தரி, பசை. ஓய்வு பெற்ற பிறகும் அவை இல்லாமல் அவர் வீட்டை விட்டு இறங்கியதில்லை.

நாடகக் குழுவில் எல்லோரும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள், அவளைவிட மூத்தவர்களும். கணவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர். கிரீடம், துப்பாக்கி, கிழிந்த தந்தி, மூக்குக் கண்ணாடி, எதைக் கேட்டாலும் அவர் பெட்டியிலிருந்து வரும்.

கதவருகே ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தது. 'ஒரு நாடகம், ஐந்து வடிவம்.' எழுத்துக்குக் கீழே முகம் எதுவும் இல்லை. ஒரு மரப்படியும், படியடியில் ஒரு ஜோடிச் செருப்பும் மட்டும்.

"பாத்தியா, என் செருப்பு" என்றார் பெட்டிக்காரர்.

"உங்க செருப்பு இல்ல. இது சினிமா செருப்பு. பக்கிள் வச்சிருக்கு."

"பக்கிள் அவங்களோடது. செருப்பு என்னோடது."

அக்கா பேச்சை வளர்க்கவில்லை. இன்று அவள் மேடையேறிப் பேச வேண்டும். நிகழ்ச்சியை நடத்தும் விமர்சகர் ஐந்து நிமிடம் என்று சொல்லியிருந்தார். அவளுக்கு ஒரு வாக்கியம் போதும். காலையில் பல் தேய்க்கும்போதிலிருந்து அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பு வார் தானாக அறுந்து போகவில்லை, நான்தான் அறுத்தேன்.

நாடகம் பழையது. எழுதியவர் போய் மூன்று தலைமுறை ஆகிறது. ஒரு நீதிபதி. அவருடைய மகன்மேலேயே வழக்கு. தானியக் கிடங்குக்குத் தீ வைத்தான், உள்ளே இருந்த காவல்காரன் செத்துப்போனான். வழக்கை வேறொருவர் கையில் கொடுக்க அப்பா மறுத்துவிடுகிறார். கடைசிச் சாட்சி தாய். அன்றிரவு மகன் வீட்டில் இருந்தானா என்று கேட்கிறார்கள். இருந்தான் என்றால் பிழைப்பான். தாய் 'இல்லை' என்கிறாள். புத்தகத்தில் அந்த இடத்துக்கு மூன்றே வாக்கியம். தாய் வருகிறாள். சொல்கிறாள். போகிறாள்.

எப்படி வருகிறாள், எப்படிப் போகிறாள் என்று எழுதியவர் சொல்லவில்லை. அந்தச் சந்தில் புகுந்துதான் ஆளாளுக்கு எடுத்தார்கள்.

அக்காவின் குழுவை நடத்தியவரை வாத்தியார் என்பார்கள். நீதிபதி வேஷமும் அவருடையதுதான். புத்தகத்தில் இல்லாத ஒரு தும்மலைக்கூட அவர் மேடையில் அனுமதித்ததில்லை. எழுதினவர் செத்துட்டார், அவர்கிட்டக் கேக்க முடியாது, அதனால மாத்த முடியாது என்பார். ஆனால் ஒரு விலக்கு இருந்தது. தானாக ஏதாவது நடந்துவிட்டால், அது நன்றாகவும் இருந்துவிட்டால், நாடகமே அதைக் கேட்டு வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். அடுத்த நாளிலிருந்து அது தினமும் நடந்தாக வேண்டும். ஒரு தடவை முதல் காட்சியில் விளக்கு அணைந்தது. பிறகு எல்லா நாளும் அணைந்தது. ஒரு குமாஸ்தாவின் கையிலிருந்து கட்டுத்தாள்கள் நழுவின. அந்தக் குமாஸ்தா தன் மீதி வாழ்நாளெல்லாம் தாள்களை நழுவவிட்டுப் பொறுக்கினார்.

ஒத்திகையில் அக்கா கேட்டாள், சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறட்டுமா என்று. வாத்தியார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எழுதியிருக்கா?"

"இல்ல."

"அப்புறம்?"

அவ்வளவுதான். அவளுக்கோ அந்தத் தாய் செருப்போடு கூண்டில் ஏறுவது கண்ணில் நிற்கவே இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவன் புருஷன். தினமும் வேலை முடிந்து வருகிறவன் வீட்டு வாசலில் முதலில் பார்ப்பது அவள் செருப்பை. அது கிடந்தால் அவள் உள்ளே இருக்கிறாள். இன்று அவள் சொல்லப்போவதைச் சொன்ன பிறகு திரும்பிப்போக வீடு இருக்காது. செருப்பு எதற்கு?

நாடகத்தின் முதல் நாள், ஒப்பனை அறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, சவர பிளேடால் வலது செருப்பின் வாரை உள்பக்கமாகப் பாதிக்கு மேல் அறுத்துவைத்தாள். மீதியைப் படி பார்த்துக்கொண்டது. வார் போனதும் அந்தச் செருப்பை விட்டாள். மற்றதையும் விட்டாள். வெறுங்காலோடு ஏறி, சொல்லி, இறங்கிப் போனாள். செருப்பு இரண்டும் நீதிபதியைப் பார்த்துக் கிடந்தன. அடுத்த வசனம் வாத்தியாருடையது. அவர் அதைச் சொல்லவில்லை. செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அரங்கில் ஓர் இருமல்கூட இல்லை. பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

திரை விழுந்ததும் நேரே வந்தார். "அறுந்துருச்சா?"

"அறுந்துருச்சு."

"கேட்டு வாங்கிக்கிச்சு" என்றார். கண் கலங்கியிருந்தது.

மறுநாள் பெட்டிக்காரர் வாரில் ஒரு பிரஸ் பட்டன் தைத்துக் கொடுத்தார். விபத்து நேரம் தவறாமல் நடந்தது.

ஆனால் அவர் மனம் ஆறவில்லை. மாட்டுத்தோல், இரட்டைத் தையல், தானே நின்று சொல்லிச் செய்வித்த செருப்பு. அது முதல் நாளே அறுந்தால் யாருக்கு அவமானம்? செருப்புக் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டார். அவர் பதிலுக்குப் போட்டார். அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பெட்டிக்காரர் இன்றைக்கும் அந்த இடம் வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். அக்காவும் அவரோடு தெருவைக் கடப்பாள். ஒவ்வொரு தடவையும் சொல்லலாமா என்று நினைப்பாள். கடந்து முடித்ததும் விட்டுவிடுவாள்.

விளக்கை அணைக்கும் நேரத்துக்குத் தங்கை வந்தாள். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் எழுந்தே நின்றார்கள். அவள் அக்காவின் முழங்காலை இடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தான், பையில என்ன, பாம்பா? இப்படிப் பிடிச்சிருக்கீங்க."

"உன் அக்காவை விடவா பாம்பு."

"அது சரி."

தங்கை குழுவில் இருந்தவள்தான். முதல் நாள் கோர்ட் டவாலி வேஷம் அவளுக்கு. சாட்சியைக் கூப்பிட வேண்டும், கூண்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், வேறு வேலை இல்லை. பிறகு சினிமாவுக்குப் போனாள். அந்த நாடகத்தைக் கலரில் எடுத்தபோது தாய் வேஷம் அவளுக்குக் கிடைத்தது. படத்தில் செருப்பு இருந்தது. சுவரொட்டியில் செருப்பு. அதைப் பற்றிக் கட்டுரைகள் வந்தன. செருப்பு அதிகாரத்தைத் துறப்பது, செருப்பு இரண்டும் கணவனும் மகனும், செருப்பு பூமி. இயக்குநர் பேட்டியில், திடீரென்று தோன்றியது என்றார். தங்கையைக் கேட்டால் அந்த நேரத்துல வந்தது சார் என்பாள்.

ஒரு நாள் ஃபோனில் தயங்கிக்கொண்டே, எல்லாரும் அதையே கேக்குறாங்க அக்கா என்றாள். என்ன வேணா சொல்லிக்கோ என்று அக்கா சொன்னாள். அதற்குப் பிறகு இருவரும் ரத்த அழுத்தம், சம்பந்திகள், குழாய்த் தண்ணீர் எல்லாவற்றையும் பேசினார்கள். அதை மட்டும் பேசவில்லை.

சின்னச் சண்டைகளில் அது வேறு உருவில் வரும். நீ நடிச்சா கடைசி வரிசைக்குக் கேக்கும், நான் நடிச்சா கடைசி ஊருக்குத் தெரியும் என்பாள் தங்கை. உனக்கு மூக்கு சிவந்தா கேமராக்காரன் பாத்துப்பான், நான் முதுகால அழணும் என்பாள் அக்கா.

விமர்சகர் மேடைக்கு வந்தார். ஒல்லியான மனிதர். மைக்கைப் பார்த்தால் பயப்படுகிறவர்போல் ஓரடி தள்ளி நின்றே பேசினார். ஐந்து வடிவங்களிலும் கடைசிச் சாட்சிக் காட்சியை மட்டும் போடப்போவதாகச் சொன்னார். மேடையைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், காரணம் இருக்கிறது என்றார்.

முதலில் கறுப்பு வெள்ளைப் படம். நீதிமன்றம் அரண்மனை போல இருந்தது. வெளியே மழை, உள்ளே வயலின். தாய் தலைவிரிகோலமாக ஓடிவந்து தூணைக் கட்டிக்கொள்கிறாள். முகம் திரை முழுக்க வருகிறது. ஒரு கண்ணில் மட்டும் நீர். 'இல்லை' என்று சொல்லிவிட்டு விழுகிறாள். வயலினும் விழுகிறது. இளம் பிள்ளைகள் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. அந்த நடிகை சொல்வதற்கு முன் ஒரு மூச்சு எடுப்பாள். வாயால் இல்லை, விலாவால். புடவை மடிப்பு ஒரு விரல் உயரும். அக்கா அந்தப் படத்தைப் பல தடவை பார்த்து அந்த மூச்சை எடுத்துக்கொண்டிருக்கிறாள். தூண், மழை, வயலின் எதுவும் வேண்டாம், மூச்சு மட்டும். யாரிடமும் கேட்டு எடுக்கவில்லை.

அடுத்தது தங்கையின் படம். வெளிவந்தபோது அக்கா அதைப் பார்த்தாள். கூண்டுக் காட்சியில் அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. செருப்பு வந்ததும் மடியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். இன்று நிமிர்ந்து பார்த்தாள்.

நீதிமன்றம் சின்னது, நிஜம் போல இருந்தது. மேசையில் கறை, காற்றாடியில் தூசி. தங்கை மெதுவாக நடந்து வந்தாள். படியடியில் செருப்பை விட்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைக்காரனிடம் சில்லறை இல்லை என்று சொல்வதுபோல 'இல்லை' என்றாள். அக்காவுடையதைவிட மெல்லியது. மேடையில் அப்படிச் சொன்னால் முதல் வரிசையோடு நின்றுவிடும். இங்கே அது தோள்வரை வந்து உட்கார்ந்தது.

பிறகு இறங்கினாள். கேமரா காலில் இருந்தது. கடைசிப் படியிலிருந்து இறங்கும் கால், பழக்கத்தில், செருப்பைத் தேடியது. கட்டைவிரல் வாரைத் தொட்டது. நின்றது. பின்வாங்கியது. வெறுந்தரையில் இறங்கியது.

அக்கா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். இது அவளிடம் இல்லை. மேடையில் அவள் ஒரு நாளும் செருப்பைத் தேடியதில்லை. அவளுடைய தாய் முடிவு பண்ணிவிட்டு இறங்குகிறவள். இந்தத் தாயின் வாய் முடிவு பண்ணிவிட்டது, காலுக்கு இன்னும் செய்தி போகவில்லை.

"என்ன?" என்று தங்கை காதருகே கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. பாரு."

தொலைக்காட்சித் தொடரில் தாய் கூண்டுக்கு வந்து சேர ஒரு வாரம் எடுத்தது என்று விமர்சகர் சொன்னார். அதிலும் செருப்பு உண்டு. ஜரிகை வைத்தது. கழற்றியதும் அதை மூன்று பக்கத்திலிருந்து காட்டினார்கள், மூன்று தடவையும் இடி இடித்தது. நீதிபதி, வக்கீல், டவாலி, மூலையில் இருந்த தண்ணீர்ப் பானை எல்லாவற்றின் முகத்தையும் காட்டினார்கள். பெட்டிக்காரர் மட்டும், புதுச் செருப்பு, அடியில தேய்மானமே இல்ல, நடந்து வந்த மாதிரியே இல்ல என்று முணுமுணுத்தார்.

போன வருஷம் வந்த புதுப் படத்தில் தாய் நீதிமன்றத்துக்கே வரவில்லை. வீட்டிலிருந்து திரை வழியாகச் சாட்சி சொல்கிறாள். நாம் அவளைப் பார்க்கவில்லை. வாசலில் கிடக்கும் செருப்பை மட்டும் பார்க்கிறோம், உள்ளேயிருந்து குரல் வருகிறது. 'இல்லை' என்றதும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அந்தச் செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு நடந்து போகிறார். நன்றாக இருந்தது. அக்காவுக்குப் பிடித்தது. மூல நாடகத்துக்கு விசுவாசமாக எடுத்தேன், செருப்பைக்கூட விடவில்லை என்று அந்த இளம் இயக்குநர் சொல்லியிருக்கிறார் என்றார் விமர்சகர். மூல நாடகத்தில் செருப்பே கிடையாது என்று அவர் சொன்னபோது அரங்கம் சிரித்தது.

அக்கா நினைத்துப் பார்த்தாள். ஒரு சவர பிளேடு. அது இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது. எழுதியவர் பெயருக்குள்ளேயே போய்விட்டது. முதுகு தானாக நிமிர்ந்தது. சொல்லத்தான் வேண்டும்.

கடைசியாக மேடை. குழுவே எடுத்த ஒளிப்பதிவு. கடைசி வரிசையில் ஒரே கேமரா, முன்னால் யாரோ ஒருவருடைய வழுக்கைத் தலை திரையில் கால்வாசியை அடைத்திருந்தது. அக்கா விரல் உயரத்துக்கு வந்தாள். முகமே தெரியவில்லை. பிரஸ் பட்டன் விட்டது. ஏறினாள். அந்தத் தூரத்திலும் விலா உயர்வது தெரிந்தது. 'இல்லை.' வழுக்கைத் தலை அசையாமல் நின்றது. இறங்கிப் போனாள், நேராக, எதையும் தேடாமல். மேடையில் இரண்டு புள்ளிகள் மிஞ்சின. நீதிபதி அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் இருந்த அரங்கமும், திரைக்கு வெளியே இருந்த அரங்கமும் ஒன்றாக மூச்சை அடக்கின.

பெரிதாக்கிக் காட்டக் கேமரா இல்லை, வயலின் இல்லை. அவளே போய்விட்ட பிறகும் அவள் அங்கே இருந்தாள். இந்த ஐந்தில் இது ஒன்றில்தான் அப்படி. அக்கா அதைத் தனக்குள் கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டாள்.

பதிவு அதோடு நிற்கவில்லை. திரை விழுந்து, கைதட்டல் ஓய்ந்து, வாத்தியார் நீதிபதி அங்கியோடு முன்னால் வந்தார். அவர் மேடையேறிய கடைசி வருஷம். நாடகம் முடிந்ததும் அவர் இரண்டு வார்த்தை பேசுவார் என்று அக்காவுக்குத் தெரியும். என்ன பேசுவார் என்று தெரியாது. அவள் அப்போது உள்ளே அரிதாரம் துடைத்துக்கொண்டிருப்பாள்.

"அந்தச் செருப்பைப் பாத்தீங்கல்ல" என்றார் வாத்தியார் திரையில். "அது நாங்க யோசிச்சது இல்லங்க. அரை நூற்றாண்டா மேடையில நிக்கிறேன், எனக்குத் தோணல. ஒரு நாள் தானா வார் அறுந்துச்சு. நாடகம் அந்தப் பொண்ணு கால்ல இருந்து கேட்டு வாங்கிக்கிச்சு. எனக்கு என் வீட்டு வாசல் ஞாபகம் வந்துருச்சு, வசனமே வரல. எழுதினவர் எங்கயோ இருந்துக்கிட்டு எனக்குப் பதில் சொன்ன மாதிரி இருந்துச்சு. இந்தப் பெருமை ஒண்ணு போதும் எனக்கு."

அங்கியின் ஓரத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். விமர்சகர் படத்தை அங்கே நிறுத்தினார். அந்தச் சிரிப்பு திரையில் அப்படியே இருந்தது.

அக்காவையும் தங்கையையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். நாற்காலிகள் திரைக்கு முன்னால். வாத்தியாரின் முகம் இருவர் தலைக்கும் மேலே, வண்டிச் சக்கரம் அளவுக்கு.

விமர்சகர் முதலில் தங்கையிடம் கேட்டார். பல வருஷமாக எல்லோரும் கேட்ட அதே கேள்வி. செருப்பு யாருடைய யோசனை, இயக்குநருடையதா, உங்களுடையதா?

தங்கை மைக்கை வாங்கினாள். "எங்க அக்காகிட்டருந்து எடுத்தது சார்" என்றாள். "கேக்காம எடுத்தது."

அரங்கம் கொஞ்சம் தாமதித்துத்தான் கைதட்டியது. தங்கை அக்காவைப் பார்க்காமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து சிவந்திருந்தது. அது ஒப்பனை இல்லை.

விமர்சகர் கையை உயர்த்தினார். அவருக்கு இன்னொன்று கிடைத்துவிட்டது. அப்படிப் பார்த்தால் அது அக்காவுடையதும் இல்லையே என்றார். இப்போதுதான் கேட்டோம். எந்தக் கலைஞரும் படைக்காத ஒன்று இந்த நாடகத்தின் மிகப் பெரிய கணம் ஆகியிருக்கிறது. அதைப் படைத்தது ஒரு செருப்புத் தொழிலாளியின் பிசகிய தையல்.

அரங்கம் சிரித்தது. மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"தையல் நல்ல தையல் சார். தோல்லதான் கோளாறு."

இன்னும் சிரிப்பு. பெட்டிக்காரர் சிரிக்கவில்லை, பையை மடியில் நேராக்கி வைத்துக்கொண்டார்.

"விபத்துதானேம்மா?" என்று விமர்சகர் அக்காவைக் கேட்டார்.

ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை அவள் ஆயுள் முழுக்கச் சொல்லிப் பழகியிருக்கிறாள். கடைசி வரிசைக்குக் கேட்கும்படி சொல்லத் தெரியும். அவள் விலாவால் மூச்சு எடுத்தாள். தலைக்கு மேலே வாத்தியார் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி இருந்தார்.

"ஒரு நாள் நடந்தா விபத்து சார்" என்றாள். "நாங்க தினமும் நடத்துனோம்."

கைதட்டல் பின்வரிசையில் தொடங்கி முன்னால் வந்தது. அது ஓயும்வரை காத்திருந்தாள். பக்கத் திரைக்குப் பின்னால் நின்று நீதிபதியின் வசனத்துக்காகக் காத்திருந்து பழக்கம் உண்டு.

"இன்னொண்ணு சொல்லணும். இவ படத்துல, இறங்கும்போது கால் செருப்பைத் தேடும். கவனிச்சீங்களா?"

விமர்சகர் கையிலிருந்த குறிப்புத்தாளைப் புரட்டினார்.

"திரும்பப் போடுங்க. பாக்கட்டும்."

போட்டார்கள். கட்டைவிரல் வாரைத் தொட்டது, நின்றது, பின்வாங்கியது. அரங்கத்தில் யாரோ அடடா என்றார்கள்.

"அது என்கிட்ட இல்ல" என்றாள் அக்கா. "இத்தனை வருஷம் நான் பண்ணேன், எனக்கு அது வரல. அது இவளோடது. எங்க வீட்டுப் பொண்ணு."

தங்கை குனிந்து புடவை மடிப்பைச் சரிசெய்தாள். சரிசெய்ய அங்கே ஒன்றும் கலைந்திருக்கவில்லை. அக்காவுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஒன்றைச் சொல்லாமல் விட்ட இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

மேடைப் படியில் இறங்கும்போது தங்கையின் காலணி வார் அறுந்தது. மெல்லிய வார், உயரமான குதிகால். அவள் தடுமாறிக் குனிந்து பார்த்தாள். விமர்சகரும் குனிந்து பார்த்தார். கூட்டத்திலிருந்து யாரோ விபத்து என்று கத்தினார்கள். தங்கை சிரித்துக்கொண்டே மற்றதையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நொண்டாமல் நடந்தாள்.

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. கண்ணாடி, சுற்றிலும் விளக்கு, பாதி எரியாதவை. ஒரு மேசை, மூன்று நாற்காலி. பெட்டிக்காரர் நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் சம்மணமிட்டு, காலணியைத் தொடையில் வைத்து, பையைத் திறந்தார். முகம் பத்து வயது குறைந்திருந்தது.

"தூக்கிப் போட்டுடுங்க அத்தான். வீட்டுல நிறைய இருக்கு."

"தைக்க முடியாததைத்தான் தூக்கிப் போடணும்."

தங்கை கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து தோடுகளைக் கழற்றினாள். கண்ணாடிக்குள்ளிருந்தே அக்காவிடம் பேசினாள். கட்டைவிரலை இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை என்றாள். இயக்குநருக்கே தெரியாதாம், எடிட்டர் வெட்டப் பார்த்தாராம், காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவள்தான் அதை வைக்கச் சொன்னாளாம். நீ பாப்பேன்னு நினைச்சேன், நீ பாக்கவே இல்லன்னு நினைச்சேன் என்றாள். இரண்டும் உண்மைதான் என்றாள் அக்கா.

"இந்தா பாரு" என்றார் பெட்டிக்காரர், யாரிடம் என்றில்லாமல். வாரின் அறுந்த முனையை விளக்குக்கு நேரே பிடித்தார். "தானா அறுந்தா இப்படித்தான் இருக்கும். நார் நாரா, பிசிறு பிசிறா. அன்னிக்கு உன் அக்கா நாடகச் செருப்பு அப்படியா இருந்துச்சு? பாதிக்கு வழவழன்னு இருந்துச்சு, மீதிதான் பிசிறு. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. பழைய துண்டு ரெண்டை ஒட்டித் தச்சுக் குடுத்துருக்கான் படுபாவி. ஒட்டு விட்டுருச்சு. அவன் மூஞ்சிக்கு நேராச் சொன்னேன், ஒத்துக்கவே இல்ல."

ஊசியில் நூலைக் கோத்தார். ஒரே தடவையில் கோத்தார்.

கண்ணாடியில் தங்கையின் கை நின்றது. ஒரு தோடு கழன்றிருந்தது, மற்றது காதிலேயே இருந்தது. அவள் கண்ணாடியை விட்டுத் திரும்பி அக்காவை நேராகப் பார்த்தாள். பிறகு தன் வெறுங்காலைப் பார்த்தாள்.

அக்கா மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தாள். குடிக்கவில்லை. மூடினாள்.

"நான்தான் டவாலி" என்றாள் தங்கை. குரலைத் தாழ்த்தவில்லை. "கூண்டுக்குப் பக்கத்துலயே நின்னேன். வார் அறுந்தா யாரா இருந்தாலும் கீழ பாப்பாங்க. இப்ப நான் பாத்தேன். அந்த விமர்சகர் பாத்தாரு. அன்னிக்கு நீ பாக்கல. தெரிஞ்ச மாதிரி காலை வெளிய எடுத்துட்டு ஏறிட்ட. நான் இத்தனை வருஷமா அதையே யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

பெட்டிக்காரரின் ஊசி தோலில் பாதி இறங்கியிருந்தது. அவர் அதை இழுக்கவில்லை. தலையையும் தூக்கவில்லை.

"ஏன் பாக்கல, அக்கா?"